மாஜியைக் கேளுங்கள்

ஆசிரியர் சொன்னபடி இந்த முறை ஆஸ்பத்திரி, ஆட்சி, ஓட்டு மூன்றையும் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். சட்டமன்றத்தை விட்டு வந்து வருஷம் பல ஆகிறது. இன்னும் எங்கள் தெருவுக்கு வழி கேட்டால் 'எம்.எல்.ஏ. வூட்டாண்ட' என்றுதான் சொல்கிறார்கள். அதனால் என்னைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் தீரவில்லை. கட்சி பேச மாட்டேன் என்று ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் கொடுத்த வாக்குகளில் காப்பாற்றக்கூடிய வாக்கு அது.

? அண்ணன் மகனுக்கு இதய வால்வு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சீக்கிரம் தேதி கிடைக்க உங்கள் கடிதம் ஒன்று வேண்டும். மாஜி எம்.எல்.ஏ. கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறதா? (ஆர்.எம்., பள்ளிகொண்டா)

மதிப்பு இருக்கிறதோ இல்லையோ, லெட்டர்பேடு மிச்சம் இருக்கிறது. கடிதம் தபாலில் வருகிறது. பிள்ளை படுத்திருக்கும்போது கொள்கை பேசுகிற ஆள் நான் இல்லை.

ஆனால் அந்தக் கடிதம் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஒருவர் வாங்கி, முத்திரை குத்தி, ஃபைலில் சொருகுவார். அபூர்வமாக வேலை செய்தால், உங்கள் பிள்ளைக்கு முன்னால் நின்ற யாரோ ஒருவர் பின்னால் தள்ளப்படுகிறார். அவர் ஆலங்காயத்துக் கூலிக்காரராக இருக்கலாம். அவருக்கு எம்.எல்.ஏ. யாரையும் தெரியாது, அதுதான் அவர் செய்த குற்றம்.

அதைவிட உருப்படியான காகிதம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. கொடுத்த வருமானச் சான்று இவற்றை எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். சேரப்போகிற ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. இந்த ஆபரேஷனுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் பெயரும் அமைப்பும் மாறி, 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்து, ஆட்சிகள் மாறியும் நின்றுவிட்ட திட்டம் இது. இதில் யாருடைய தயவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ.க்களுக்கு இந்தக் கடிதம் எழுதுவது ரொம்பப் பிடிக்கும். நாலு வரி, ஒரு கையெழுத்து, ஒரு குடும்பமே அடுத்த தேர்தல் வரை நன்றியோடு இருக்கும். கடிதம் வாங்கிப் போனவர் திரும்பி வந்து, 'தாலுகா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க ஏன் ஆள் போடவில்லை, சபையில் கேட்டீர்களா?' என்று கேட்க மாட்டார். எப்படிக் கேட்பார்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர் ஆயிற்றே. அரசியல்வாதிக்கு இதைவிட மலிவான காப்பீட்டுத் திட்டம் கிடையாது. என் கடிதத்தை வாங்கிக்கொண்டு இந்தக் கேள்வியையும் உங்கள் இன்றைய எம்.எல்.ஏ.விடம் கேட்டீர்களானால் எனக்குத் தபால் செலவு தண்டமில்லை.

? ஹைவேயில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போனால் 'போலீஸ் வரட்டும், பணம் கட்டு' என்கிறார்கள். என்ன சட்டம் இது? (ஒரு லாரி டிரைவர், வாணியம்பாடி)

அது சட்டமே இல்லை. முதலில் உயிரைப் பார், போலீஸ் நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னது. 1996இல் இன்னொரு தீர்ப்பு. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக 'படுக்கை இல்லை, வசதி இல்லை' என்று திருப்பி அனுப்பியது. கடைசியில் தனியாரிடம் பணம் கட்டிப் பிழைத்தார். அவசர சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையையே மீறுவது என்று சொல்லி, அவருக்கு 25,000 ரூபாய் கொடுக்க வைத்தது நீதிமன்றம். பணம் இல்லை என்று அரசு சாக்குச் சொல்லக் கூடாது என்றும் எழுதியது.

நம் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவு அரசுடையது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. சென்னை–பெங்களூர் சாலையில் வண்டி ஓட்டுகிற நீங்கள் இதை க்ளீனருக்கும் சொல்லி வையுங்கள்.

? சட்டமன்றத்தில் தூங்குகிறவர்களைப் பற்றி? (ஜி., ஆரணி)

தூங்குகிறவர் பரவாயில்லை, ஒருநாள் விழிப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போகிறவரை என்ன செய்வது?

? அல்லேரி மலையில் குழந்தை இறந்ததே, அதற்கு யார் பொறுப்பு? எங்கள் கல்லூரியில் விவாதம் நடந்தது. எம்.எல்.ஏ., கலெக்டர், வனத்துறை என்று ஆளுக்கு ஒருவரைக் கை காட்டினோம். முடிவுக்கு வர முடியவில்லை. (மாணவி, அணைக்கட்டு)

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2023 மே மாதம், அல்லேரி மலை அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறங்கச் சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ், சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து தாய் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலைப் பாதையில் நடந்தார். நாடு முழுக்கப் படம் வந்தது. அதிகாரிகள் மலை ஏறினார்கள். சாலைக் கோப்பு வேகம் பிடித்தது.

நீங்கள் கை காட்டிய எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள், எல்லோரிடமும் நியாயமான பதில் இருக்கும். ஊரக வளர்ச்சித் துறை 'நிதி இருக்கிறது, நிலம் வனத்துறையுடையது' என்னும். வனத்துறை '1980ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்' என்னும். சுகாதாரத் துறை 'ஆம்புலன்ஸ் இருக்கிறது, பாதை இல்லை' என்னும். எம்.எல்.ஏ. 'நான் மனுக் கொடுத்திருக்கிறேன்' என்பார், நகலும் காட்டுவார். நான்குமே உண்மை. நான்கு உண்மை சேர்ந்து ஒரு ஊருக்கு வழி இல்லாமல் செய்துவிட்டது. அதனால்தான் உங்கள் விவாதம் முடியவில்லை.

ஆனால் இந்த நான்கு பேரும் வாய் திறந்து சொல்லாத ஐந்தாவது விஷயம் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குள் வன நிலத்தை ஒதுக்கலாம். எக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, கிராம சபை பரிந்துரைத்தால் மாவட்ட அளவிலேயே முடிக்கலாம். மூன்று மீட்டர் அகலச் சாலை என்று வைத்துக்கொண்டால் ஒரு எக்டேரில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்கும் நீளமான பாதை என்றால் பழைய வழியில்தான் போக வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் மலையில் எத்தனையோ குக்கிராமங்களுக்குக் குறையாக நிற்பது இந்தச் சின்னத் துண்டுதான்.

ஆக, சட்டம் முதல் பேனாவைக் கொடுத்திருப்பது மலைக்காரர்கள் கையில். அதை அவர்களிடம் போய்ச் சொல்வது யார் வேலை? என்னைக் கேட்டால் எம்.எல்.ஏ.வின் வேலை. சட்டம் செய்கிறவர் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே செய்த சட்டத்தைத் தொகுதிக்குக் கொண்டுபோகவில்லை என்றால் எப்படி? வனச் சரகர், பி.டி.ஓ., வட்டார மருத்துவ அலுவலர் மூவரையும் கிராம சபை நடக்கிற அன்று மலைக்குக் கூட்டிவந்து உட்கார வைக்க ஒரு எம்.எல்.ஏ.வால் முடியும். கீழே இருந்து மனு அனுப்புவது எளிது. மேலே ஏற முட்டி வலிக்கும்.

ஜவ்வாது மலையில் ஓட்டுக் கேட்கப் போனபோது ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஓட்டுப் பொட்டி மட்டும் எப்படி சார் கரெக்டா மேல வருது? கழுத மேலயாவது ஏத்திக்கினு வந்துடறீங்க. டாக்டர ஏன் ஏத்திக்கினு வர மாட்டேன்றீங்க?" நான் பதில் சொல்வதற்குள் கூட வந்தவர்கள் கோஷம் போட்டு என்னை அடுத்த வீட்டுக்கு நகர்த்திவிட்டார்கள். கோஷம் அதற்குத்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் தமிழ்நாடு சேர்த்தது. பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் சேர்த்திருக்கிறார்கள். 1939இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த சட்டம் அது, இந்தியாவிலேயே முதலாவது. இனி எந்த மலையில் எத்தனை பேரைக் கடித்தது என்று கணக்கு வரும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்க அந்தக் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத சாவைப் பற்றிச் சபையில் கேட்டால், 'அப்படி எதுவும் அரசின் கவனத்துக்கு வரவில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

? குடியாத்தத்துக்கு அரசியல் பெருமை என்று ஏதாவது உண்டா? லுங்கியையும் பீடியையும் விட்டால் எங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. (எஸ்.பி., குடியாத்தம்)

உங்கள் ஊர்க்காரரே இப்படிக் கேட்கலாமா? 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.யாக இருந்தார். அரசியல் சட்டம் ஆறு மாதம் அவகாசம் தருகிறது, அதற்குள் இரண்டு சபைகளில் ஒன்றுக்கு வந்தாக வேண்டும். அவருக்கு முன்னால் இருந்த ராஜாஜி 1952இல் கவர்னர் நியமனத்தில் மேலவைக்கு வந்தவர். அந்தக் கதவு காமராஜருக்கும் திறந்துதான் இருந்தது. அவரோ விருதுநகரை எங்கேயோ விட்டுவிட்டு வட ஆற்காட்டுக்கு வந்து, குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்து நின்றது. காங்கிரசையே ஆகாத பெரியார் ஆதரித்தார். ஜெயித்தார்.

மேலவை வழியாக வருவது தப்பு என்று சொல்ல மாட்டேன். அண்ணாவும் 1967இல் அப்படித்தான் வந்தார், அவருக்கு மக்கள் ஆதரவு இல்லை என்று யார் சொல்வார்கள்? 1986இல் மேலவையே போய்விட்டதால் இங்கே அந்தப் பேச்சுக்கு இப்போது இடமில்லை. ஆனாலும் பதவியில் உட்கார்ந்த பிறகு, தோற்றால் மானம் போகும் என்று தெரிந்தே தறிக்காரரிடமும் பீடித் தொழிலாளியிடமும் வந்து நிற்பது தனி. இந்த ஒரு விஷயத்தில் நான் குடியாத்தம் கட்சி.

? கட்சிக் கொறடா உத்தரவிட்டபடி இல்லாமல், மனசாட்சிப்படி ஓட்டுப் போட்டதுண்டா? (ஏ.கே., வாலாஜாபேட்டை)

இல்லை. போட்டிருந்தால் பதவி போயிருக்கும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படி. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பழைய பாடம் இருக்கிறது. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. காங்கிரசை எதிர்த்து வட ஆற்காட்டில் வளர்ந்த மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 பேர். அந்த 6 பேர் ராஜாஜிக்குக் கை கொடுத்தார்கள், நாயக்கர் அமைச்சரானார், பிறகு கட்சியே காங்கிரசில் கரைந்துபோனது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களை யாராவது கேட்டார்களா? அதனால் தடைச் சட்டம் வேண்டும் என்பேன்.

ஆனால் சட்டம் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டது. ஆட்சி நிற்குமா விழுமா என்கிற ஓட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் கொறடா போதும். மற்ற மசோதாக்களில் உறுப்பினரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சட்டம் கட்டுவது ஓட்டை. கேள்வி நேரத்தில் துணைக்கேள்வி கேட்பதை அது கட்டுவதில்லை. ஆளும் கட்சிக்காரர் எழுந்து, 'என் தொகுதியில் பிரசவ வார்டுக்கு இரவு டாக்டர் எப்போது வருவார்?' என்று கேட்டால் அவர் பதவி போகாது. அமைச்சர் கொஞ்சம் முறைப்பார், அவ்வளவுதான்.

? சட்டமன்றத்தில் மருத்துவம் சம்பந்தமாக நடந்ததில் உங்களை அசைத்தது எது? (டி.ஆர்., காட்பாடி)

நான் சபைக்குப் போவதற்கு முந்தி நடந்தது அது. 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வுக்காக ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்தார். வேலூர் சி.எம்.சி. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான். உங்கள் ஸ்டேஷனில் இறங்கிய பெட்டி அது.

அப்போது சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே, அவரே டாக்டர். விஷயத்தைச் சட்டமன்றத்தில் எழுந்து சொன்னார். நிர்மலாவும் சுனிதி சாலமனும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். வெளியே நம்பாதவர்கள் நிறைய, 'நம் ஊரிலா?' என்று கோபப்பட்டவர்கள் நிறைய. ஆட்சிக்குக் கெட்ட பெயர் என்று மூடி வைத்திருக்கலாம். கெட்ட செய்தியை முதலில் சபையில் வைப்பது அமைச்சரின் கடமை என்று எங்கோ எழுதியிருக்கிறது, நடப்பது குறைவு. இப்போதெல்லாம் நல்ல செய்தி பேரவையின் 110ஆம் விதியின் கீழ் அறிக்கையாக வருகிறது, அதன்மேல் விவாதம் கிடையாது. கெட்ட செய்தி பேப்பரில் வருகிறது, அதைச் சபையில் எழுப்ப நாம் கவன ஈர்ப்பு கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

? 2019இல் பணப் பட்டுவாடாவால் வேலூர் தேர்தலே ரத்தானது. காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடும் ஜனங்களுக்கு, ஆஸ்பத்திரி சரியில்லை என்று கேட்க என்ன யோக்யதை இருக்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சத்துவாச்சாரி)

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஓட்டுப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டது என்று ஏப்ரல் 16 அன்று தேர்தலையே ரத்து செய்தார்கள். பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ஆகஸ்ட் 5இல் மறுபடி நடந்து, 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்தது. புது மக்களவை வந்தும் இரண்டரை மாதம் வேலூருக்கு எம்.பி. இல்லை. தலைகுனிவுதான்.

ஆனால் 'யோக்யதை இல்லை' என்கிற தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், சரி. அதற்குத் தண்டனை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாமல் போவது அந்தத் தண்டனை இல்லை. இந்தப் பேச்சு யாருக்குச் சௌகரியம் தெரியுமா? கொடுத்தவருக்கு. 'உனக்குத்தான் செட்டில் பண்ணிட்டேனே' என்று அவர் சொல்வதையே வாங்காதவர்களும் சேர்ந்து சொன்னால், அவருக்கு ஐந்து வருஷம் விடுமுறை. வாங்கியவர்களைத் திட்டுங்கள், திட்டிவிட்டு அவர்களோடு சேர்ந்தே கேள்வி கேளுங்கள். மருந்து வாங்கிய காசு எல்லோருடைய வரி.

? முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். நெஞ்சு அடைப்பு, இருமல். பீடித் தொழிலாளர் அட்டையில் முன்பு போல எதுவும் கிடைப்பதில்லை என்கிறார்கள். உண்மையா? (ஒரு சகோதரி, பேரணாம்பட்டு)

அம்மா, முதலில் சளிப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். இதழ் கைக்கு வந்த அன்றே போய்விடுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பி.பி. மாத்திரை கொண்டுவரும் பெண் உங்கள் தெருவுக்கு வருவாரே, அவரிடமும் சொல்லி வையுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. சுற்றுகிற ஒவ்வொரு ஆயிரம் பீடிக்கும் ஒரு சிறு தொகையை 'செஸ்' என்கிற மேல்வரியாகப் பிடித்து, அதிலிருந்து உங்கள் மருந்தகம், பிள்ளைகளின் படிப்பு உதவி எல்லாம் நடந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த மேல்வரியை எடுத்துவிட்டார்கள். திட்டத்தை மூடவில்லை. ஆனால் தனக்கென்று இருந்த உண்டியல் போய், வருஷா வருஷம் மத்திய பட்ஜெட்டில் கொடுத்தால் உண்டு என்று ஆனது. உங்கள் கையால் சுற்றிய பீடியிலிருந்து உங்களுக்காகப் பிடித்த காசு அது, யாரும் கொடுத்த தர்மம் இல்லை. இது டெல்லி சமாசாரம், எம்.எல்.ஏ.வைக் கேட்காதீர்கள். எம்.பி. ஊருக்கு வரும்போது நாலு பேராகப் போய் 'எங்க செஸ்ஸுக்குப் பதிலா இந்த வருஷம் எவ்வளவு வந்துச்சு?' என்று மட்டும் கேளுங்கள். சால்வை போடாதீர்கள்.

? பாலாறு கெட்டதற்கு அரசியல்வாதிகள் என்ன செய்தீர்கள்? (வி., ராணிப்பேட்டை)

வழக்குப் போட்டவர்கள் அரசியல்வாதிகள் இல்லை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற பொதுமக்கள் அமைப்பு. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் விளைநிலம் அரைகுறையாகவோ முழுதாகவோ பாழ் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே சரிசெய்யக் காசு கொடுக்க வேண்டும் என்கிற கொள்கை இந்திய சட்டத்தில் வேரூன்றியது நம் ஆற்று வழக்கால். சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கு என்று படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதே பாலாற்றுக்காக, அதே நஷ்ட ஈட்டுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலையும் இடத்தை விட்டு நகரவில்லை.

எம்.எல்.ஏ.க்கள் ஏன் கத்தவில்லை? தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் ஓட்டு, தண்ணீர் கெட்ட விவசாயி ஓட்டு, இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. இது காரணம்தான், சாக்காக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வேலை போகாமலே கழிவு நீரைச் சுத்தம் செய்திருக்கலாம். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததே அதற்கு அத்தாட்சி.

? மாஜிகளுக்குப் பென்ஷன், மருத்துவப் படி, இலவச பஸ். கூச்சமாக இல்லையா? (கே., திருப்பத்தூர்)

பஸ்ஸில் கூச்சம் இல்லை, உட்கார இடம் கிடைத்தால் சந்தோஷம். பென்ஷன் வாங்குகிறேன். பதவியில் சம்பாதிக்காதவருக்கு அது சோறு, சம்பாதித்தவருக்கு அது வெற்றிலைக் காசு. இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்பதுதான் உறுத்துகிறது. 2017இல் எம்.எல்.ஏ. சம்பளத்தை 55,000இலிருந்து 1,05,000 ஆக்கினார்கள். எங்கள் சம்பளத்தை நாங்களே கை தட்டி உயர்த்திக்கொள்வதை மாற்றி, அதற்கு வெளியே ஒரு குழு வைக்கலாம் என்பேன். என் சுகர் மாத்திரை மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். வரிசையில் நிற்கும்போது கிடைக்கும் சேதி வேறு எங்கும் கிடைக்காது.

? டாக்டர்கள் அரசியலுக்கு வந்தால் ஆஸ்பத்திரிகள் உருப்படுமா? (மருத்துவ மாணவர், அடுக்கம்பாறை)

முத்துலட்சுமி ரெட்டி வந்தார். 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினர், பிரிட்டிஷ் இந்தியாவிலேயே முதல் பெண் உறுப்பினர், அங்கேயே துணைத் தலைவர். தேவதாசி முறைக்கு எதிராக அவர் மூட்டிய நெருப்பு 1947இல் சட்டமானது. காந்தி கைதானபோது 1930இல் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. பதவியில் இருந்தது கொஞ்ச காலம்தான், பாருங்கள். டாக்டர் என்பதால் மட்டும் நடந்ததில்லை அது, வெள்ளைக் கோட்டோடு வந்து வெள்ளை வேட்டிக்காரர்களாகவே ஆகிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் முதலில் மலைப் பகுதியில் இரண்டு வருஷம் வேலை பாருங்கள். அதற்கப்புறம் வருகிற கோபத்தோடு வந்தால் வரவேற்கிறேன்.

? எங்கள் எம்.எல்.ஏ. சபையில் என்ன பேசினார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் போடுகிற வாட்ஸ்அப் வீடியோவை நம்பலாமா? (பி.எஸ்., கே.வி.குப்பம்)

வீடியோவில் அவர் பேசியது இருக்கும், அமைச்சர் சொன்ன பதில் இருக்காது. பதில்தான் உங்களுக்கு வேண்டும். கேள்வி நேரம் 2022 முதல் நேரலையாக வருகிறது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளை அச்சிட்டும் வெளியிடுகிறார்கள். அமைச்சர் 'பரிசீலிக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்' என்று சொன்னாரா என்று பாருங்கள். அந்த மாதிரி வாக்குறுதிகளை எழுதி வைத்து, நிறைவேறியதா என்று துரத்துவதற்கென்றே சபையில் உறுதிமொழிக் குழு இருக்கிறது. பேப்பர்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. 'மாண்புமிகு அமைச்சர் இன்ன தேதியில் சொன்ன இந்த வாக்கு என்ன ஆயிற்று?' என்று உங்கள் எம்.எல்.ஏ.வை எழுத வையுங்கள். மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது பொதுமக்களே மனுக் கொடுக்கலாம். ஊர்ப் பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். வேலை, கடன், கோர்ட்டில் உள்ள வழக்கு என்றால் எடுக்க மாட்டார்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. எதற்குப் போனது என்ற பட்டியல் கலெக்டர் ஆபீசில் ஊரக வளர்ச்சி முகமையிடம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன்' என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். 'கே.வி.குப்பம் தொகுதியில் சென்ற மூன்று ஆண்டுகளில் மருத்துவக் கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, பணி முடிந்த தேதி என்ன' என்று கேளுங்கள். நிழற்குடைக்கு எவ்வளவு என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பதில் வந்ததும் நகல் ஒன்று இந்த இதழுக்கு அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.